மச்சாளின் புள்ளியும் எனக்கு வந்த கடிதமும்

போட்டிப் பரீட்சைத் தாளில் எனக்கு ஒரு வகை வினா மட்டும் கடைசிவரை வசப்படவில்லை. எண் தொடர், உருவத் தொடர், உறவுமுறைக் கணக்கு எல்லாம் ஓரளவு செய்துவிடுவேன். இது வேறு மாதிரி. மேலே இரண்டு செய்திகள் தந்திருப்பார்கள். ஒன்று சரியென்றால் மற்றது சரியாக இருக்க முடியாது என்பதுபோலத் தோன்றும். கீழே ஐந்து விடைகள். "மேற்கூறிய முரண்பாட்டைப் பின்வருவனவற்றுள் எது மிகச் சிறப்பாக விளக்குகின்றது?" என்பது கேள்வி. ஒரு தாளில் இப்படி ஆறோ ஏழோ வரும். நான் இரண்டைச் சரியாகச் செய்தால் பெரிய விஷயம்.

அப்போது எனக்கு வயதெல்லைக்கு ஒரு வருஷந்தான் மிச்சம். ஏற்கெனவே இரண்டு தடவை எழுதித் தவறவிட்டிருந்தேன். புதுக்குடியிருப்புச் சந்திக்குக் கிட்ட ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். மாவட்டத்தில் நடக்கும் எல்லாப் போட்டிப் பரீட்சைக்கும் விண்ணப்பங்கள் எங்கள் கடை வழியாகத்தான் போகும். மற்றவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தே என் கையெழுத்து ஊரில் பிரபலமாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தனியார் வகுப்புக்குப் போவேன். தகரக் கொட்டகைக்குள் நூறு பேருக்கு மேல் இருப்போம். அங்கு படிப்பித்த சேர் வேகமானவர். வினாவை வாசிப்பார், "விடை நாலு" என்பார், அடுத்ததற்குப் போய்விடுவார். ஏன் நாலு என்று ஒருமுறை எழும்பிக் கேட்டேன். "திருப்பி வாசியுங்கோ, விளங்கும்" என்றார். வீட்டுக்கு வந்து பத்துத் தரம் வாசித்தேன். விளங்கவில்லை.

வீட்டில் அம்மா, தம்பி, தம்பியின் மனைவி, அவர்களுடைய மூன்று வயது மகள், நான். தம்பி வீதி வேலைக்காகப் புளியங்குளப் பக்கம் போய் நின்ற காலத்தில் அங்கே ஒரு பெண்ணை விரும்பி, அவளையே கட்டிக்கொண்டு வந்தவன். அவளுடைய தாய் தகப்பன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டித் தோட்டம் செய்தவர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துக் காணிக்கு வந்து குடியேறிய எங்கள் குடும்பத்துக்கு அது பெரிய குறையாகத் தெரிந்தது. அம்மா கலியாணத்துக்குப் போனா, ஆனால் ஒரு வருஷம் சரியாக முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நான் கதைத்தேன். அவளை மச்சாள் என்றுதான் கூப்பிடுவேன், அவளும் என்னை அப்படித்தான். என்னைவிட நாலு வயது இளையவள்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் குசினிக்குள் மச்சாள் வெண்டிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்துக் கதிரையில் இருந்து தாளைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தேன். ஓர் ஊருக்குத் தெருவிளக்குகள் போடப்படுகின்றன. அடுத்த வருஷம் அந்த ஊரிலிருந்து பொலிஸுக்குப் போன களவு முறைப்பாடுகள் முந்தின வருஷத்தைவிடக் கூடிவிட்டன. இந்த முரண்பாட்டை எது விளக்குகிறது?

"விளக்குகள் தரமில்லாதவை. அதுதான் விடை" என்றேன்.

மச்சாள் கத்தியை நிறுத்தினாள். "விளக்குப் பிழையெண்டால் இருட்டு முந்தின மாதிரியே இருக்கும். அப்ப களவும் முந்தின மாதிரியே இருக்கும். கூடினது ஏன்?"

நான் தாளைத் திரும்பப் பார்த்தேன்.

"மற்ற விடையள் என்ன?" என்று கேட்டாள். வாசித்தேன். நாலாவது, அதே வருஷம் அந்த ஊரில் ஒரு சிறிய பொலிஸ் நிலையம் திறக்கப்பட்டது என்பது.

"அதுதான்" என்றாள். "முந்தி ஒரு கோழி களவு போனால் பத்துக் கட்டை தூரம் ஆர் முறைப்பாடு குடுக்கப் போறது? இப்ப கிட்ட இருக்கு, போகினம். களவு கூடேல்லை மச்சாள். முறைப்பாடுதான் கூடியிருக்கு."

வகுப்பில் சேர் வேறொரு வினாவுக்குச் சொன்னதும் நாலுதான். ஆனால் இப்போது ஏன் நாலு என்று எனக்குத் தெரிந்திருந்தது. இன்னொன்றையும் அன்று கவனித்தேன். இப்படி ஒரு வினாவைக் கண்டால் இரண்டு செய்திகளில் ஒன்றைப் பொய்யாக்கிவிடுவதுதான் என் பழக்கம். விளக்குப் போட்டது பொய், அல்லது முறைப்பாடு கூடியது பொய். மச்சாள் எதையும் பொய்யாக்கவில்லை. இரண்டையும் நம்பினாள். நம்பிக்கொண்டு, இரண்டும் ஒன்றாக இருப்பதற்கு இன்னும் என்ன நடந்திருக்க வேண்டும் என்று தேடினாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் கடையிலிருந்து ஒரு தாளின் கொப்பி எடுத்து வருவேன். மகளை நித்திரையாக்கிவிட்டு அவள் வருவாள். ஒரு நாள் தலைக்கவசத்தைப் பற்றி ஒரு வினா வந்தது. மோட்டார் சைக்கிள் ஓடுபவர்கள் எல்லாரும் தலைக்கவசம் போட வேண்டும் என்று ஒரு நாட்டில் சட்டம் வருகிறது. எல்லாரும் போடுகிறார்கள். விபத்துகளின் தொகை மாறவில்லை. ஆனால் தலையில் காயத்தோடு ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்படுபவர்கள் கூடிவிட்டார்கள்.

நான் விடைகளை ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினேன். அவள் அதுவரை பொறுக்கவில்லை.

"முந்தி அந்த இடத்திலையே செத்தவை இப்ப காயத்தோடை தப்பி வருகினம்" என்றாள். "ஆஸ்பத்திரிக் கொப்பியிலை உயிரோடை வந்து சேர்ந்தவையின்ர பேர்தானே இருக்கும்."

எங்கள் வயதில், இங்கே போருக்குள் வளர்ந்த ஒருவருக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. நான் அடுத்த வினாவுக்குப் போனேன்.

அவளும் பிழை விட்டிருக்கிறாள். யானை வினா ஒன்று. வயல்களைச் சுற்றி மின்வேலி போடுகிறார்கள். ஒரு இடத்திலும் வேலி உடையவில்லை, மின்சாரமும் நிற்கவில்லை என்று அதிகாரிகள் உறுதி செய்கிறார்கள். ஆனாலும் வேலி போட்ட பிறகு உள்ளே யானைகள் நின்றன. மச்சாள் யோசிக்காமலே இரண்டாவது விடைக்குக் கோடு போட்டாள். யானைகள் மரத்தைத் தள்ளி வேலியின்மேல் விழுத்தித் தாண்டக்கூடியவை என்பது அந்த விடை.

"அது உண்மைதான் மச்சாள்" என்றேன். "ஆனால் வேலி ஒரு இடத்திலையும் உடையேல்லை எண்டு மேலேயே சொல்லியிருக்கினமே."

திரும்ப வாசித்தாள். சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ, நான் எங்கட புளியங்குளத்து யானையைப் பற்றி எழுதிப்போட்டன். தாளிலை நிக்கிற யானை வேற." பிறகு கொஞ்சம் யோசித்தாள். "அப்ப வேலி போடேக்கையே யானை உள்ளுக்கை நிண்டிருக்கு." விடை ஐந்து அதுதான்.

இப்படி இரண்டு மாதம் போனது. எனக்கு ஆறில் நாலு சரி வரத் தொடங்கியது. அவளுக்கு ஆறும் வந்தது. உயர்தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்தவள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. ஐந்து வருஷமாக ஒரே வீட்டில் இருந்தும் நான் கேட்டதில்லை.

வர்த்தமானியில் கிராம அலுவலர் பதவிக்கு விண்ணப்பம் கோரி அறிவித்தல் வந்தபோது, "நீரும் போடும்" என்றேன். அம்மா குசினி வாசலில் நின்று, "அவவும் போனால் பிள்ளையை ஆர் பாக்கிறது?" என்று கேட்டா. தம்பி, "நீங்கள் பாருங்கோவன்" என்றான். அம்மா உள்ளே போய்விட்டா. அடுத்த நாள் காலையில் மச்சாள் தன்னுடைய சான்றிதழ்களை எல்லாம் ஒரு உறையில் போட்டு என்னிடம் தந்தாள்.

இரண்டு விண்ணப்பங்களையும் கடையில் வைத்து நான்தான் நிரப்பினேன். மச்சாள் எனக்கு முன்னால் கதிரையில் இருந்தாள். எந்தப் பிரதேச செயலாளர் பிரிவில் நிரந்தர வதிவிடம் என்று ஒரு கட்டம் இருந்தது. வாக்காளர் இடாப்பில் பெயர் எங்கே பதிவாகியிருக்கிறது என்பதைக் கொண்டுதான் அதை நிரூபிக்க வேண்டும். என்னுடையதில் புதுக்குடியிருப்பு என்று எழுதினேன். அவளுடைய படிவத்தில் அந்தக் கட்டத்துக்கு வந்தபோது பேனை நின்றது.

"நான் இப்ப இஞ்சதானே இருக்கிறன் மச்சாள்?" என்றாள்.

"உம்மட பேர் இன்னும் புளியங்குளத்திலைதானே பதிவிலை இருக்கு. அங்கையே போடுவம். பிறகு சிக்கல் வராது" என்றேன்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி" என்றாள். நான் எழுதினேன்.

பரீட்சைக்கு நான் முல்லைத்தீவுக்குப் போனேன். புளியங்குளம் வவுனியா மாவட்டம் என்பதால் அவள் தம்பியோடு மோட்டார் சைக்கிளில் வவுனியாவுக்குப் போனாள். அம்மாதான் பிள்ளையைப் பார்த்தா. பின்னேரம் இருவரும் வீட்டில் இருந்து வினாத்தாளைச் சரிபார்த்தோம். முரண்பாட்டு வினாக்களில் எனக்கு ஒன்று பிழை. அவளுக்கு ஒன்றும் பிழையில்லை.

பெறுபேறு வந்த நாள் கடையில் கூட்டம். வந்தவர்களுடைய அடையாள அட்டை இலக்கங்களை ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். கூட்டம் குறைந்த பிறகு என்னுடையதை அடித்தேன். பிறகு மச்சாளுடையதை அடித்தேன். அவளுக்கு என்னைவிடப் பதினொரு புள்ளி கூட. தொலைபேசியில் சொன்னேன். அவள் அழுதாள் என்று நினைக்கிறேன், சத்தம் வரவில்லை. பின்னணியில் தம்பி விசிலடித்தது கேட்டது.

ஒரு மாதம் கழித்து நேர்முகப் பரீட்சைக்கான கடிதம் வந்தது. எனக்கு மட்டும்.

முதலில் தபாலில் பிந்தியிருக்கும் என்று நினைத்தோம். ஒரு கிழமை பார்த்தோம். பிறகு மச்சாள் தன் தாய்க்குத் தொலைபேசி எடுத்து, "அம்மா, அங்க ஏதாவது கடிதம் வந்திருக்கா?" என்று கேட்டாள். வீட்டில் எங்களோடு எங்களைப்போலவே கதைப்பவள், தாயோடு கதைக்கும்போது மட்டும் அவளுடைய பேச்சு மாறும். அங்கேயும் வரவில்லை. அவளோடு வவுனியாவில் பரீட்சை எழுதிய ஒரு பெண்ணுக்கு வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம்.

தம்பி அன்று வேலையால் வந்து உடுப்பும் மாற்றாமல் என் முன்னால் நின்றான்.

"அக்கா, நேராக் கேக்கிறன், கோவிக்காதை. ஆரையும் பிடிச்சனியோ?"

"நான் ஆரைப் பிடிக்கிறது?"

"அப்ப என்னெண்டு? அவளுக்குப் பதினொரு புள்ளி கூட. கடிதம் உனக்கு. ஒண்டில் அந்தப் புள்ளி பொய், இல்லாட்டில் இந்தக் கடிதம் பொய்."

அம்மா, "கிடைச்சதைச் சந்தோசமாப் பாக்கிறதை விட்டிட்டு" என்று தொடங்கினா. தம்பி அம்மாவையும் ஏசினான். பிள்ளை பயந்து அழத் தொடங்கியது.

மச்சாள் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்து விறாந்தையில் நின்றாள். "சத்தம் போடாதேங்கோ. புள்ளியும் உண்மை, கடிதமும் உண்மை" என்றாள்.

"அதென்னெண்டு?"

"வெற்றிடம் பிரிவுக்குப் பிரிவு வேற. புதுக்குடியிருப்பிலை கனபேர் தேவை, எழுதினவை குறைவு. எங்கட அம்மாவின்ர பக்கம் வெற்றிடம் ரெண்டோ மூண்டுதான், எழுதினவை கூட. மச்சாள் இஞ்ச உள்ளவையோடை போட்டி போட்டவ. நான் அங்க உள்ளவையோடை போட்டி போட்டனான். அங்கை என்னைவிடப் புள்ளி கூட எடுத்தவை இருக்கினம். அவ்வளவுதான்."

அவள் சொன்னது சரி. அறிவித்தலில் அது எழுதியிருந்தது. நூற்றுக்கணக்கில் கொப்பி அடித்துக் கொடுத்த நானே அந்தப் பந்தியை அந்தக் கண்ணோடு வாசித்ததில்லை.

தம்பி கதிரையில் இருந்துவிட்டான். அவளைப் பார்த்து மெதுவாகக் கேட்டான். "அப்ப ஏன் நீ அங்கை போட்டனி? கலியாணம் கட்டி அஞ்சு வருஷமா இஞ்சதானே இருக்கிறாய்?"

மச்சாள் என்னைப் பார்க்கவில்லை. பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். பதில் சொல்ல வேண்டியவள் நான் என்பது எனக்குத் தெரிந்தது.

வாக்காளர் பதிவுப் படிவம் ஒவ்வொரு வருஷமும் வீட்டுக்கு வரும். வீட்டில் எழுத்து வேலை எல்லாம் என்னுடையது, அதையும் நான்தான் நிரப்புவேன். கலியாணம் முடிந்த முதல் வருஷம் அம்மா, "இப்ப என்ன அவசரம், அடுத்த வருஷம் பாப்பம்" என்றா. இந்தக் கலியாணம் நிலைக்குமோ என்ற எண்ணம் அம்மாவுக்கு இருந்தது. எனக்கும் கொஞ்சம் இருந்தது என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன். மச்சாளின் பெயரை எழுதாமல் விட்டேன். அடுத்த வருஷம் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நான் முந்தின வருஷத்துப் படிவத்தின் கொப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்படியே பார்த்தெழுதினேன். அதற்கடுத்த வருஷமும் அப்படித்தான். பிறகு அது ஒரு முடிவாக இருக்கவில்லை, பழக்கமாகிவிட்டது. விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தில் பேனை நின்றபோது எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. வெட்கத்தில், பேர் அங்கைதானே இருக்கு என்று யாரோ செய்த வேலைபோலச் சொல்லிவிட்டேன்.

இதை இவ்வளவு கோவையாகத் தம்பிக்குச் சொல்லவில்லை. "படிவம் நிரப்பினது நான்தான். அவவின்ர பேரை நான்தான் எழுதாமல் விட்டனான்" என்று மட்டும் சொன்னேன்.

அம்மா உடனே, "நான் ஏதோ ஒரு வருஷம் சொன்னனெண்டு நீ அஞ்சு வருஷமும் எழுதாமல் விட்டனியே?" என்றா.

"எனக்குத் தெரியும்" என்றாள் மச்சாள்.

நாங்கள் மூவரும் அவளைப் பார்த்தோம்.

"விண்ணப்பத்துக்குச் சான்றிதழ் தேடேக்கை அலுமாரிக்குள்ளை உங்கட பைல் இருந்தது. அஞ்சு வருஷத்துக் கொப்பியும் அதுக்குள்ளை இருந்தது. எல்லாத்திலையும் மூண்டு பேர்தான். கடையிலை வைச்சுக் கேட்டனான், நான் இஞ்சதானே இருக்கிறன் எண்டு. நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்தனான்."

அவள் பிள்ளையைக் கொண்டுபோய்க் கிடத்தினாள். பிறகு வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் அவள் என்னோடு கதைக்கவில்லை. சமைத்தாள், பிள்ளையைப் பார்த்தாள், கேட்டால் ஓம், இல்லை என்றாள். நான் கடையிலிருந்து தாள் கொண்டு வருவதை நிறுத்தினேன். நேர்முகத்துக்குப் போவதில்லை என்று ஒரு முடிவெடுத்தேன். அது அவளுக்கு நான் செய்யும் நியாயம் என்று நினைத்தேன். நேர்முகத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தவளிடம் போய் அதைச் சொன்னேன்.

அவள் நிமிராமலே கேட்டாள். "நீங்கள் போகாட்டில் அந்த இடம் ஆருக்குப் போகும்?"

"தெரியாது."

"புதுக்குடியிருப்பிலை உங்களுக்கு அடுத்ததா ஆர் நிக்கினமோ அவைக்குப் போகும். எனக்கு வராது. பிறகு ஏன் போகாமல் விடுறியள்?"

"மனம் கேக்கேல்லை."

"அது உங்கட மனத்துக்கு, மச்சாள். எனக்கு அதாலை ஒண்டும் இல்லை." உடுப்பைப் பிழிந்து வாளிக்குள் போட்டாள். "போங்கோ. உங்களுக்கு இனி வயசும் இல்லை. எனக்கு இன்னும் இருக்கு."

போனேன். கேட்ட சான்றிதழ்களைக் காட்டினேன், கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்னேன். நியமனம் கிடைத்தது. கடையை விட்டு நின்ற அன்று முதலாளி ஒரு கேக் வாங்கி வெட்டினார். வீட்டுக்கு ஒரு துண்டு கொண்டு வந்தேன், மச்சாளும் சாப்பிட்டாள்.

அந்த வருஷத்து வாக்காளர் படிவம் வந்தபோது நான் அதைத் தொடவில்லை. மேசையில் வைத்தேன். மச்சாள்தான் இருந்து எழுதினாள். முதலில் அம்மாவின் பெயர், பிறகு என்னுடையது, தம்பியினது, கடைசியாகத் தன்னுடையது. எழுதி முடித்து அம்மாவிடம் கையெழுத்துக்குக் கொடுத்தாள். அம்மா கண்ணாடியைப் போட்டு, எல்லாப் பெயரையும் வாசித்த பிறகே கையெழுத்து வைத்தா. அம்மா வேறு எந்தப் படிவத்தையும் அப்படி வாசித்து நான் கண்டதில்லை.

அடுத்த வருஷம் வேறொரு பதவிக்குப் பரீட்சை வந்தது. அதற்குப் பிரிவு பார்ப்பதில்லை, நாடு முழுவதற்கும் ஒரே பட்டியல். மச்சாள் தனியாகவே படித்தாள், விண்ணப்பத்தையும் தானே நிரப்பினாள். நான் கேட்கவில்லை, அவளும் காட்டவில்லை. தெரிவானாள். இப்போது கிளிநொச்சியில் ஓர் அலுவலகத்தில் வேலை. காலையில் பரந்தன் வழியாகப் போகும் பஸ்ஸில் போய்ப் பின்னேரம் வருகிறாள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது அம்மா.

நான் ஒழுங்காக மன்னிப்புக் கேட்டது அவளுக்கு நியமனம் வந்த பிறகுதான். முன்பே கேட்டிருக்க வேண்டும். ஆனால் அவளுக்கு வேலை இல்லாமல் இருந்த காலத்தில் அதைக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. பஸ்ஸுக்கு நின்றபோது கேட்டேன். அவள் கைப்பைக்குள் சில்லறை தேடிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு, "முதல் வருஷம் விட்டது எனக்குப் பெரிசாத் தெரியேல்லை மச்சாள்" என்றாள். "அப்ப என்னை ஆரெண்டு உங்களுக்குத் தெரியாது. பிறகு நாலு வருஷம் உங்களோடை இருந்து சாப்பிட்டனான், அப்பவும் விட்டியள். அதுதான்."

பஸ் வந்தது. ஏறி, யன்னல் பக்கம் இடம் கிடைத்து இருந்தாள். நான் என் அலுவலகத்துக்கு நடந்தேன்.